செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, இங்கே வந்திருக்கும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். அவர்களுக்கு இவ்வறிக்கையின் நகல் அஞ்சலில் போய்ச் சேரும், அஞ்சல் தலைக்கான செலவு வந்தவர்கள் கட்டிய சந்தாவிலிருந்து.

நம் ரசிகர் புனைவு (பிடித்த நூலின் கதையையும் மனிதர்களையும் வைத்து ரசிகர்கள் எழுதும் கதை) எழுத்தாளர் வட்டத்தின் மாதக் கூட்டங்கள் பத்து நடந்தன. நவம்பரில் மழை, ஜனவரியில் பொங்கல். ஆடிப்பெருக்கன்று வீராணம் ஏரிக்கரைக்குப் போய், அப்படியே உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் கல்வெட்டையும் பார்த்து வந்தோம் (வேன் வாடகையில் இருவர் பங்கு இன்னும் வரவில்லை). செப்டம்பர் 9 கல்கி பிறந்த நாள் கூட்டம் சிறப்பாக நடந்தது. டிசம்பர் 5 நினைவு நாள் கூட்டம் நடந்தது.

ஆண்டு மலர் வரவில்லை. செயலாளர் கதைகளைத் திருப்பி அனுப்பியதே காரணம் என்று டீக்கடை வரை பேச்சு போயிருப்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

மலருக்கு 17 கதைகள் வந்தன. 14 பொன்னியின் செல்வன் வழி வந்தவை, இரண்டு சாண்டில்யன் வழி, ஒன்றில் ஷெர்லாக் ஹோம்ஸ் மகாமகத்துக்கு வருகிறார். கதைகள் நன்றாகவே இருந்தன, அதில் சண்டை இல்லை. ஆனால் 11 கதைகளில் எது யாருடையது என்று சொல்லவே இல்லை, அல்லது 'நன்றி: கல்கி' என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. ஒன்றில் 'உரிமை உரியவருக்கே' என்று மட்டும் இருந்தது. உரியவர் யார் என்பதைத்தானே எழுதச் சொல்கிறோம்? இன்னொன்றில் 'நன்றி: கூகுள்'.

இதற்காகத்தான், கதை எந்த நூலின் வழி வந்தது, அதில் எது யாருடையது என்று கதைக்கு மேலே குறிக்கவேண்டும் என்ற மூலக்குறிப்புப் படிவத் தீர்மானம் சென்ற ஆண்டுப் பேரவையில் கொண்டுவரப்பட்டது. கைதூக்கி நிறைவேற்றியது நீங்கள்தான். அன்றைக்குப் பசி நேரம் என்பதால் பலர் கேட்காமலே கைதூக்கியிருக்கலாம். ஆகவே மறுபடி சொல்கிறேன்.

இது செயலாளர் கண்டுபிடித்த வம்பு அல்ல. நூலின் முன்னுரையான சிறப்புப் பாயிரத்துக்கு எட்டுச் செய்திகள் வேண்டும் என்கிறது நன்னூல். 'ஆக்கியோன் பெயரே வழியே எல்லை நூற்பெயர்' என்று அந்தச் சூத்திரம் தொடங்கும். ஆசிரியர் பெயர் முதலாவது, எந்த நூலின் வழி வந்தது என்பது இரண்டாவது. நூலின் பெயரே நான்காவதாகத்தான் வருகிறது. முன்னோர் நூலின் முடிவோடு ஒத்துப்போய், பின்னோன் தான் வேண்டிய மாற்றங்களைச் சொல்வது வழிநூல் என்று அதே நன்னூல் இலக்கணம் சொல்கிறது. நாம் செய்வது அதுதான், பெயர்தான் ஃபேன்ஃபிக். கம்பரும் பாயிரத்தில் வடமொழியில் இக்கதை செய்தவர் மூவர், அவர்களுள் முந்தியவர் உரைப்படி நான் தமிழில் சொல்கிறேன் என்று நாலே அடியில் முடித்துவிட்டார். மூவர் இருக்கும்போது எவர் என்று குறித்தது கவனிக்கத்தக்கது. புதுமைப்பித்தன் 'சாபவிமோசன'த்தின் தலையிலேயே, ராமாயணப் பரிச்சயம் உள்ளவர்களுக்கு இது பிடிக்காமல்கூடப் போகலாம் என்று இரண்டு வரி வைத்தார். மூலமும் வந்துவிட்டது, எங்கே விலகுகிறார் என்பதும் வந்துவிட்டது.

இனி படிவம். அது அரைப் பக்கம்தான். 60 சொல்லிலிருந்து 100 சொல் போதும், 150ஐத் தாண்டினால் முன்னுரை ஆகிவிடும். தலைப்புக்குக் கீழே, கதையின் முதல் வரிக்கு மேலே, கதையின் அதே எழுத்தளவில் வரவேண்டும். கடைசியில் போட்டால் என்ன என்று கேட்டவர்களுக்கு: கதையை வாட்ஸ்அப்பில் பகிரும்போது முதலில் கழன்றுபோவது கடைசிப் பக்கம். தொடர்கதையென்றால் ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் ஒரு வரி வேண்டும், ஏழாம் அத்தியாயத்தில் நுழைகிறவர் முதல் அத்தியாயத்தைத் தேடிப் போகமாட்டார்.

முதலில் மூல நூல், ஆசிரியர், முதலில் வெளியான இடமும் காலமும். பொன்னியின் செல்வனுக்கு 'கல்கி இதழ், 1950–54'. அடுத்து, எந்த வடிவில் படித்தீர்கள். முழு நூலா, சுருக்கப் பதிப்பா, ஆங்கில மொழிபெயர்ப்பா? மொழிபெயர்ப்பைப் படித்தவர் மொழிபெயர்ப்பாளர் பெயரையும் தரவேண்டும். இதில் நேர்ந்த கோளாறு ஒன்று: ஆங்கிலத்தில் படித்த வசனத்தைத் தாமே தமிழாக்கி, மேற்கோள் குறிக்குள் போட்டு, கல்கி சொன்னதாக எழுதிவிட்டார் ஓர் அன்பர். கருத்து கல்கியுடையது, சொல் அன்பருடையது. மேற்கோள் குறி போட்டால் தமிழ் மூலத்தைத் திறந்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும்.

எடுத்த இடத்தைப் பக்க எண்ணால் குறிக்காதீர்கள். எத்தனையோ பதிப்பகங்கள் அச்சிட்டிருக்கின்றன, ஒன்றின் 212ஆம் பக்கம் இன்னொன்றில் 340. பாகத்தின் பெயரும் அத்தியாய எண்ணும் போதும். புது வெள்ளம் 57 அத்தியாயம், சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாகச் சிகரம் 91. 'தியாகச் சிகரம், 62' என்று எழுதிவிட்டால் கேள்வியே இல்லை. திருப்பி வந்த கதைகளில் ஒன்றில் 'கொலை வாள், 58' என்று இருந்தது.

அடுத்தது மூன்றடுக்கு. இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். கல்வெட்டில் இருப்பது எது, கல்கி படைத்தது எது, நீங்கள் சேர்த்தது எது? ரவிதாசனை எடுத்துக்கொள்வோம். ஆதித்த கரிகாலன் கொலைக் குற்றவாளிகளாக உடையார்குடிக் கல்வெட்டில் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற பெயர்கள் உண்டு. கல்வெட்டு ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ரவிதாசனுக்கு அதில் பஞ்சவன் பிரமாதிராஜன் என்ற பட்டமும் உண்டு. மந்திரவாதியாக, ஆந்தைபோலக் கூவுகிறவனாக அவனை ஆக்கியது கல்கி. 'கல்வெட்டில் உள்ள மந்திரவாதி ரவிதாசன்' என்று எழுதினால் மூன்றடுக்கும் ஒன்றாகக் குழம்பிவிட்டது என்று பொருள். வந்தியத்தேவர் தஞ்சைக் கல்வெட்டில் குந்தவையின் கணவராக வருகிறார். வாயாடித்தனமும் வாணர்குலத்துப் பெருமையும் கலந்த அந்த இளைஞனைக் கல்கி தந்தார். நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் ஆகியோர் முழுக்க முழுக்க நாவலின் மனிதர்கள். நந்தினியை 'சோழ வரலாற்றில் மறைக்கப்பட்ட பெண்' என்று அறிமுகம் செய்த கதை மூன்று வந்தது. மறைக்க வரலாற்றில் அவள் இருந்தால்தானே?

'அலைகடலும் ஓய்ந்திருக்க' பாட்டை 'கோடிக்கரை நாட்டுப்பாடல்' என்று போட்டிருந்தார் ஒருவர். நாவலுக்காக எழுதிய பாட்டு அது. பொன்னியின் செல்வன் படத்தில் 'அலைகடல்' என்று தொடங்குவது வேறு பாட்டு, உரிமையும் வேறு.

படத்தைச் சொன்னதால் அதையும் முடித்துவிடுகிறேன். 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரண்டு பாகங்கள் வந்த பிறகு, நாவலைப் படிக்காமலே கதை எழுத வருகிறவர்கள் உண்டு. வரட்டும், வரவேற்கிறோம். ஆனால் படத்திலிருந்து எடுத்ததைக் கல்கி கணக்கில் எழுதக்கூடாது. ஐயம் வந்தால் ஒரு சோதனை: நாவலின் பாத்திரமான மணிமேகலை கதையில் இருக்கிறாளா? படத்தில் அவள் இல்லை, ஆகவே அவள் வந்தால் மூலம் நாவல். கரிகாலன் சாகும் காட்சியும் அப்படியே. நாவல் அதைப் புதிராகவே விட்டுவைத்தது, படம் தன் வழியில் காட்டியது. உங்கள் கதை எதைத் தொடர்கிறது என்று சொல்லாவிட்டால் வாசகர் பாதிக் கதையில் விழிப்பார்.

மணிமேகலை என்றதும் இன்னொன்று. நாவலின் முடிவில் அவள் இறந்துவிடுகிறாள். நம் உறுப்பினர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் அவளைப் பிழைக்க வைத்துக் கதை எழுதினார். அதற்குப் பின் மூன்று பேர் கதையில் அவள் உயிரோடு நடமாடுகிறாள். மூன்றிலும் 'நன்றி: கல்கி'. கல்கி அவளைச் சாகடித்துவிட்டார் ஐயா! பிழைக்க வைத்தவருக்கு ஒரு வரி எழுதக் கை வரவில்லை. ஒரு ரசிகர் கதையிலிருந்து இன்னொரு ரசிகர் கதை கிளைத்தால் இடையில் இருப்பவரைத் தாண்டிப் போகக்கூடாது. விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி' பொன்னியின் செல்வனைத் தொடர்ந்து எழுதப்பட்டது. அதில் வரும் நிகழ்ச்சியை எடுத்தால் இருவர் பெயரும் வேண்டும், இதுவும் அதே கணக்குத்தான். ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற பெரிய ரசிகர் புனைவுக் காப்பகத்தில் கதையை ஏற்றும் படிவத்திலேயே, இது எந்தக் கதையின் தூண்டுதலில் எழுதியது என்று குறிக்கத் தனி இடம் வைத்திருக்கிறார்கள். நம் படிவத்தின் ஐந்தாம் வரி அதற்குத்தான்.

கடைசி வரி உரிமை நிலை. 'நாட்டுடைமைதானே, பிறகு எதற்குப் பெயர்?' என்று கூட்டத்தில் கேட்டார்கள். நாட்டுடைமை என்றால் எவரும் அச்சிடலாம் என்று பொருள், எவரும் எழுதியது என்று பொருள் அல்ல. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட ஆசிரியருக்கும் தன் பெயரைக் கோரும் உரிமை உண்டு என்கிறது. (காப்புரிமை என்று பலர் எழுதுகிறார்கள். அது கண்டுபிடிப்புகளுக்கு. நமக்குப் பதிப்புரிமை.) எழுத்து நாட்டுடைமை ஆனதால் தொடரோடு வந்த ஓவியங்களும் ஆகிவிட்டதாகக் கொள்ளக்கூடாது, ஓவியருக்குத் தனி உரிமை. அட்டைக்கு மணியம் ஓவியத்தை எடுத்த இரண்டு கதைகள் அதனால் நின்றன.

நாட்டுடைமைப் பட்டியலில் இல்லாத எழுத்தாளருக்கு, மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. சாண்டில்யன் 1987இல் மறைந்தார், எண்ணிப் பார்த்தால் 2047 முடிவு வரை போகிறது. அதுவரை பெயர் போட்டால் மட்டும் போதாது, அனுமதியும் வேண்டும். பெயர் போடுவது மரியாதை, அனுமதி சட்டம். ஒன்றைச் செய்தால் மற்றது தானாக வராது. கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. சாண்டில்யன் வழிக் கதைகள் இரண்டும் மாதக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டன, மலரில் வராது. ஹோம்ஸ் கதைக்கு அந்தத் தடை இல்லை, கானன் டாயில் 1930இல் மறைந்தவர். ஆனால் அந்த ஹோம்ஸ் கைபேசியில் குறுஞ்செய்தி அனுப்புகிறார், அது 2010இல் தொடங்கிய பிபிசி தொடரின் ஹோம்ஸ். ஒரு வரி சேர்க்கச் சொன்னோம், சேர்த்தார். 17 பேரில் மறுபேச்சில்லாமல் சேர்த்தவர் அவர் ஒருவர்.

சரியான மாதிரி ஒன்றை வாசிக்கிறேன்: 'கல்கியின் பொன்னியின் செல்வன் (கல்கி இதழ், 1950–54) நாவலின் வழி எழுதியது. தமிழ் முழு நூலைப் படித்தேன். தியாகச் சிகரத்தின் முடிவிலிருந்து கதை தொடங்குகிறது. பூங்குழலியும் சேந்தன் அமுதனும் கல்கியின் படைப்பு. நாகைத் துறைமுகக் காட்சிகளும் படகோட்டி மாறனும் என் கற்பனை. திரைப்படங்களிலிருந்து எதுவும் எடுக்கவில்லை. பிற ரசிகர் கதை எதையும் தொடரவில்லை. மூலம் நாட்டுடைமை.' நாற்பது சொல்தான் வருகிறது. தேவையெல்லாம் இதில் இருப்பதால் 60 என்ற கீழ்வரம்பைச் செயலாளரே தளர்த்தினார். இதை எழுதப் பத்து நிமிடம். திருப்பிய 11 கதைகளில் நான்கு திருத்தி வந்தன. ஏழு பேர் இன்னும் வருத்தத்தில் இருக்கிறார்கள். மிஞ்சிய கதைகளை மட்டும் வைத்து மலர் போட்டால் அச்சகத்துக்கு முன்பணம் கொடுத்த பக்கங்கள் நிறையாது. மலர் நின்ற காரணம் இதுதான்.

கணக்கு. தணிக்கை முடிந்த ஏடு பொருளாளரிடம் இருக்கிறது, பார்க்க விரும்புவோர் பார்க்கலாம். வரவும் செலவும் ஏறக்குறையச் சமம், அதில் ஏறியது செலவு. அச்சக முன்பணம் அடுத்த மலருக்குக் கழிக்கப்படும் என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆண்டுச் சந்தா 300 ரூபாய், பாதிக்கு மேற்பட்டோர் கட்டவில்லை. கட்டாதவர்களில் பலர் மலர் எப்போது என்று தொலைபேசியில் தவறாமல் விசாரிக்கிறவர்கள்.

இடம் தந்த நூலகத்தாருக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், தேநீர் தந்த அன்பருக்கும், தணிக்கையாளருக்கும், தலைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு பற்றி. செயலாளர் பொறுப்பில் தொடரவேண்டும் என்ற ஆசை எனக்கில்லை. ஆனால் 17 கதைகளையும் மூல நூலோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கதைக்கு இரண்டு மாலை ஆகிறது. இதை ஏற்க யாராவது முன்வந்தால் படிவக் கட்டையும் ஐந்து பாகங்களையும் இன்றே ஒப்படைக்கத் தயார். சென்ற கூட்டத்தில் இதைச் சொன்னபோது அரங்கில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. சரிபார்க்க இருவர் கிடைத்தால் மலர் ஆடிப்பெருக்குக்கு வரும். ஒருவரே என்றால் கார்த்திகை ஆகும். ஏழு பேரும் படிவத்தை நிரப்பித் தந்தால் பழைய கதைகளே போதும், புதிதாக எழுதவேண்டாம். படிவம் நூலக அலமாரியின் கீழ்த்தட்டில், சந்தா ரசீதுப் புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது. எடுக்கும்போது ரசீதுப் புத்தகம் கையில் படும்.

இப்படிக்கு,
செயலாளர்