புகார்: உறைந்துபோகும் டிஸ்க், மூடப்பட்ட ஆறு டிக்கெட்டுகள்

அல்சூர், பெங்களூரு – 8

வாடிக்கையாளர் சேவை மேலாளருக்கு,

வணக்கம். மூன்று வாரத்தில் உங்களுக்கு ஏழாவது முறையாக எழுதுகிறேன். முந்தைய ஆறு புகார் டிக்கெட்டையும் ‘தீர்ந்தது’ என்று நீங்களே மூடிவிட்டீர்கள். எது தீர்ந்தது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் நெட்வொர்க் ஸ்டோரேஜ் பிளானில், அதாவது டிஸ்க் வேறிடத்தில் இருந்து உங்கள் உள் நெட்வொர்க் வழியாக வரும் பிளானில், என் விர்ச்சுவல் மெஷின் (உங்கள் சர்வரில் வாடகைக்கு எடுத்த கணினி) ஓடுகிறது. சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கத்து மளிகைக் கடைகள் அதில்தான் பில் போடுகின்றன. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் உறைந்துவிடுகிறது. சிபியூ சும்மா இருக்கும், மெமரி காலியாக இருக்கும், டாப் கட்டளையில் ‘டபிள்யூஏ’ (டிஸ்க்குக்காக சிபியூ காத்திருக்கும் நேரம்) மட்டும் 95 சதவீதத்தைத் தாண்டும். 120 விநாடிக்கு மேல் டாஸ்க் தொங்குவதாகக் கெர்னல் லாகில் (சிஸ்டம் எழுதிவைக்கும் குறிப்பில்) வரிசையாக வரும். கடைசியில் ஃபைல் சிஸ்டம் ரீட்-ஒன்லி ஆகிவிடும், படிக்கலாம், எழுத முடியாது. அப்புறம் கடைக்காரர் எத்தனை பில் போட்டாலும் ஒன்றும் பதிவாகாது.

உங்கள் ஆட்கள் ஆறு முறையும் சொன்ன மருந்து ஒன்றுதான்: ரீபூட். நாலாவது ரீபூட்டில் மெஷின் எழவே இல்லை. டிஸ்க்கைப் பழுதுபார்க்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டி எழுப்பினேன். இரண்டு நாள் கணக்கு போனது போனதுதான்.

செவ்வாய்க்கிழமை இரவு பேசியவரை மறக்கவே மாட்டேன். “பிங் போகுதே சார், அப்புறம் எப்படி நெட்வொர்க் பிரச்சினை?” என்றார். பிங் என்பது மெஷின் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை. அது போவது என் மெஷினின் வெளி முகவரிக்கு. டிஸ்க் போய்வருவது உங்கள் உள் ஸ்விட்சுகள் வழியாக. அங்கே ஒரு ஸ்விட்சில் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) 9000, இன்னொன்றில் 1500 என்று இருந்தால் சின்ன பாக்கெட் போய்விடும், பெரியதுதான் விழும். அதையாவது பாருங்கள் என்றேன். “லினக்ஸ் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா போனைக் குடுங்க” என்றார். பதினாறு வருடமாக எனக்கு இதில்தான் சோறு!

அதற்கு முந்தின வாரம் நேரிலேயே வந்தேன். சில்க் போர்டில் ஒரு மணி நேரம் நின்று எலக்ட்ரானிக் சிட்டி வந்து சேர்ந்தால், இங்கே சேல்ஸ் மட்டும்தான் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். பதிவேட்டில் கையெழுத்து மட்டும் மறக்காமல் வாங்கினார்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அதே பிளானில் இன்னொரு காலி மெஷின் எடுத்து, சும்மா எழுதிக்கொண்டே இருக்கும்படி விட்டேன். இரண்டும் ஒரே நிமிடத்தில் உறைந்தன. சர்வரிலேயே இருக்கும் லோக்கல் டிஸ்க்கில் போட்ட மூன்றாவது மெஷின் மட்டும் உறையவே இல்லை. கோளாறு யார் பக்கம் என்று இன்னும் நான்தான் சொல்ல வேண்டுமா? லாக் எல்லாம் மூன்றாவது டிக்கெட்டில் இருக்கிறது. யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மூன்று கடைகள் விலகிவிட்டன. என் பிழைப்பே போயிற்று.

தயவுசெய்து என் டிஸ்க்கை லோக்கல் ஸ்டோரேஜுக்கு மாற்றுங்கள், இந்த மாதக் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள், என்ன கோளாறு என்று எழுத்தில் சொல்லுங்கள். ஏழு நாள் பார்ப்பேன். இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துவிட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வணிகத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று தப்பிக்கப் பார்க்க வேண்டாம். நான் சுயதொழிலில் பிழைப்பவன்.

உங்கள் மேல் எனக்குத் தனிக் கோபம் இல்லை. கூப்பிடுங்கள், பேசுவோம். செவ்வாய்க்கிழமைக்காரர் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் வாடிக்கையாளர்