“எந்த நாயும் புகாது” என்று விற்கப்பட்ட பூனை மணல் பெட்டி பற்றிய புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர், சென்னை
(பெயர், முகவரி, ஆர்டர் எண் ஆகியவை இணைப்பில் உள்ள ரசீதில் காண்க)

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
செல்லப்பிராணிப் பொருள்கள் விற்பனை நிறுவனம்

பொருள்: மேல்திறப்புள்ள பூனை மணல் பெட்டி – உண்மைக்கு மாறான விளம்பரம், அதனால் நாய்க்கு ஏற்பட்ட பாதிப்பு, இழப்பீடு கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பூனை மலசலம் கழிப்பதற்கான, மேல்பக்கம் திறப்புள்ள மணல் பெட்டியையும், அதனுடன் சேர்த்து விற்கும் பென்டோனைட் என்னும் களிமண் வகை மணலையும் உங்கள் இணையதளத்தில் 4,299 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியின் முகப்பில் “எந்த இன நாயும் புகாது” என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். எங்கள் லாப்ரடார் ஜிம்மி, பெட்டி வீட்டுக்கு வந்த அன்று மாலையே அதன் மூடியை மூக்கால் நெம்பித் தள்ளிவிட்டு, தலையை உள்ளே விட்டு, மலத்தையும் மணலையும் சேர்த்துத் தின்றுவிட்டான்.

இந்தப் பெட்டியை நான் எதற்காகத் தேடி வாங்கினேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என் மகள் தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். நாய் பூனையின் மலத்தைத் தின்பது புதிய செய்தியல்ல. பூனைத் தீனியில் புரதமும் கொழுப்பும் மிகுதி. அந்த வாசனைதான் நாயை இழுக்கிறது. இத்தனை காலம் அதட்டியும் விரட்டியும் சமாளித்தோம். கர்ப்பிணி இருக்கும் வீட்டில், மலத்தை வாயில் கவ்விக்கொண்டு கூடம்வரை வரும் நாயை அப்படி விட முடியாது. பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி இருக்கக்கூடும். அது வயிற்றிலுள்ள குழந்தையைப் பாதிக்கும். பூனையை வீட்டைவிட்டு அனுப்பத் தேவையில்லை, மலத்தை அன்றன்றைக்கே வேறொருவர் அள்ளிவிட்டால் போதும் என்று மகளைப் பார்க்கும் மகப்பேறு மருத்துவர் தெளிவாகச் சொன்னார். ஏனென்றால், அந்த ஒட்டுண்ணி வெளியேறிய உடனே தொற்றுவதில்லை. தொற்றும் நிலையை அடைய 1 முதல் 5 நாட்கள் ஆகின்றன.

இதைப் படித்துவிட்டு உங்கள் பெட்டியின் பக்கவாட்டில் உள்ள வாசகத்தைப் பாருங்கள்: “ஒரு வாரம் வரை திறக்கவே வேண்டாம்.” வாசனை வெளியே வராது என்பதற்காக ஒரு வாரம் மலத்தை மூடி வைக்கச் சொல்கிறீர்கள். அள்ளுகிறவருக்கு அது எவ்வளவு ஆபத்து என்று இந்த வாசகத்தை எழுதியவர் ஒரு கால்நடை மருத்துவரிடமாவது கேட்டாரா? மூக்குக்கு எட்டவில்லை என்பதால் பூனை மலம் சுத்தமாகிவிடாது.

பெட்டியின் அமைப்புக்கு வருகிறேன். உயரம் 38 சென்டிமீட்டர், மேல் மூடியில் பூனை இறங்குவதற்கான வட்டத் திறப்பு 24 சென்டிமீட்டர். முழுதாக வளர்ந்த லாப்ரடார் நின்றபடியே தலையை விட்டால் அடிவரை எட்டும் அளவு இது. மூடியோ வெறுமனே மேலே அமர்ந்திருக்கிறது. கொக்கியும் இல்லை, பூட்டும் இல்லை. உங்கள் விளம்பரப் படத்தில் பெட்டியைப் பார்த்து ஏமாந்து நிற்பது பக் என்னும் சிறிய இன நாய். அந்த நாயை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் “பக் அளவுள்ள நாய் புகாது” என்று எழுதியிருக்க வேண்டும். “எந்த இன நாயும்” என்று எழுதியதை நம்பித்தான் பணம் கொடுத்தேன்.

மணல்தான் இன்னும் பெரிய கவலை. பென்டோனைட் களிமண் ஈரம் பட்டால் பல மடங்கு ஊதிக் கெட்டியாகும். பெட்டியில் சிறுநீர் கட்டியாவதற்கு அந்தக் குணம் உதவுகிறது. நாயின் குடலுக்குள்ளும் அதே குணத்தோடுதான் அது வேலை செய்யும். ஜிம்மி அன்று இரவே வாந்தியெடுக்கத் தொடங்கினான். மறுநாள் காலையில் தண்ணீரைக்கூடத் தொடவில்லை. கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, குடலில் மணல் தேங்கியிருப்பதாகச் சொல்லி, குளுக்கோஸ் ஏற்றி, உள்நோயாளியாகச் சேர்த்துக்கொண்டார். அடைப்பு முற்றினால் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும் என்றார். எங்கள் நல்ல நேரம், அறுவை இல்லாமலே மணல் வெளியேறிவிட்டது. மருத்துவமனைக் கட்டணம் 11,400 ரூபாய். மணல் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நாய்களும் குழந்தைகளும் விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி எச்சரிக்கைகூட இல்லை.

பூனையின் துன்பத்தையும் சொல்லிவிடுகிறேன். முத்துவுக்கு வயது பத்து. முன்போல் தாவ முடியாத பூனை. ஜிம்மி குணமாகி வந்தபின், மூடியின் மேல் கனமான கல்லை வைத்து இந்தப் பெட்டியையே பயன்படுத்திப் பார்த்தோம். முத்து சிரமப்பட்டு உள்ளே இறங்கினால், நாய் திறப்புக்கு நேர் மேலே வந்து நின்றுகொள்ளும். பெட்டிக்கு ஒரே வழி, அதுவும் தலைக்கு மேலே. தப்பிக்க இடமில்லாமல் மூலையில் ஒடுங்கி உறுமிய பூனை, அதற்குப் பிறகு பெட்டிப் பக்கமே போகவில்லை. என் கணவரின் படுக்கையில் சிறுநீர் கழித்தது. அச்சத்தில் சிறுநீரை அடக்கும் ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும் என்று மருத்துவர் எச்சரித்தார். நாயைத் தடுக்கும் பெட்டி என்று விற்கிறவர்கள் பூனை எப்படி வெளியே வரும் என்று முதலில் யோசித்திருக்க வேண்டும்.

உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதியபோது வந்த பதில், “நாய்க்கு முறையான பயிற்சி அளியுங்கள், கூடுதல் பாதுகாப்புக்கு எங்கள் தடுப்பு வேலியை 2,899 ரூபாய்க்கு வாங்கலாம்” என்பது. அந்தப் பதில் என்னை மிகவும் புண்படுத்தியது. நாய் மருத்துவமனையில் கிடந்தபோது, அது எப்படி இருக்கிறது என்று ஒரு சொல் விசாரிக்கவில்லை. இன்னொரு பொருளை விற்கப் பார்த்தீர்கள். பயன்படுத்திய பெட்டியைச் சுகாதாரக் காரணங்களால் திரும்பப் பெற முடியாது என்றும் சொன்னீர்கள். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக்கூடாது. புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காணும் பொறுப்பும் குறைதீர் அலுவலரான உங்களுக்கு இருக்கிறது.

எங்கள் வீட்டுச் சிக்கலைத் தச்சர் ஒருவர் தீர்த்துவைத்தார். குளியலறைக் கதவில் ஒரு சங்கிலிக் கொக்கி மாட்டினார். கதவு அரைச் சாண் அகலத்துக்கு மேல் திறக்காது. முத்து உடலை ஒடுக்கி நுழைந்துவிடுகிறான். ஜிம்மியின் மூக்கு மட்டும்தான் நுழைகிறது. உள்ளே பழைய திறந்த தட்டையே வைத்திருக்கிறோம், என் கணவர் தினமும் காலையும் மாலையும் அள்ளுகிறார். ஆகவே உங்களிடம் மாற்றுப் பெட்டி கேட்கவில்லை. உங்கள் வேலியும் வேண்டாம்.

பெட்டிக்கும் மணலுக்கும் கொடுத்த 4,299 ரூபாயையும், மருத்துவமனைக் கட்டணம் 11,400 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். பெட்டியை உங்கள் செலவில் எடுத்துச் செல்ல வேண்டும். அதைவிட முக்கியமாக, “எந்த இன நாயும் புகாது”, “ஒரு வாரம் திறக்க வேண்டாம்” என்ற இரண்டு வாசகங்களையும் பெட்டியிலிருந்தும் இணையதளத்திலிருந்தும் நீக்குங்கள். திறப்பின் அளவையும் எவ்வளவு பெரிய நாய்வரை தடுக்கும் என்பதையும் வெளிப்படையாக அச்சிடுங்கள். மணல் பையில் விழுங்கினால் ஆபத்து என்ற எச்சரிக்கையைத் தமிழிலும் போடுங்கள். பணம் வந்தாலும் இவை நடக்காவிட்டால் என் புகார் தீர்ந்ததாக ஏற்க மாட்டேன். நாயும் பூனையும் சேர்ந்து வளரும் இன்னொரு வீட்டுக்கு இதே பெட்டி நாளை போகும்.

ஒரு மாதத்துக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். பதிலை எழுத்து வடிவில் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசித் தீர்க்க விரும்பவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், பெட்டியின் முகப்பு மற்றும் பக்கவாட்டுப் படங்கள், எக்ஸ்ரே மற்றும் மருத்துவமனை ரசீது நகல்கள், வாடிக்கையாளர் சேவையின் பதில்