என்னோடு ஒரு நிமிடம் நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

தீவிர சிகிச்சைப் பிரிவில் 14 வருடமாக வேலை பார்க்கும் செவிலியர் நான். போன வருடம் இதே மாதம் ராஜினாமா கடிதத்தை எழுதி மடித்து, சீருடைப் பையில் வைத்துக்கொண்டே பதினோரு நாள் டியூட்டிக்கு வந்து போனேன். கடைசியில் கொடுக்கவே இல்லை. அதற்குக் காரணம் நீங்கள்தான். நேரில் சொல்லலாம் என்றால் தொண்டை அடைத்துக்கொள்கிறது, அதனால் எழுதுகிறேன். வேறு வார்டுகளில் இதே நிலையில் இருப்பவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அன்று எனக்குத் தொடர்ந்து ஆறாவது இரவு டியூட்டி. இரண்டு பேரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய இடத்தில் நான்கு பேர் என் பொறுப்பில் இருந்தார்கள். காலையில் அடுத்த ஷிப்ட்டிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்டோவரில் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். “பெட் அஞ்சு, பிரஷர் கம்மி, மருந்து ஓடுது. பெட் ஆறு, சக்‌ஷன் பண்ணியாச்சு. பெட் ஏழு முடிஞ்சிருச்சு, கிளீன் பண்ணியாச்சு, அடுத்த கேஸ் ஏத்தலாம்.” திரும்பினால், பின்னால் பெட் ஏழில் இறந்துபோனவருடைய மனைவி நிற்கிறார். கையில் கணவரின் மூக்குக் கண்ணாடி. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணாடியின் கால்களை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. வெட்கம்கூட வரவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

ஸ்டோர் ரூமில் சலைன் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த என்னை முதலில் பார்த்தது, எங்கள் வார்டின் தூய்மைப் பணி அக்கா. அக்கா, என்ன ஆச்சு என்று நீங்கள் கேட்கவில்லை. மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, “ராத்திரியெல்லாம் என்கிட்ட மணி என்னன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரும்மா” என்றீர்கள். அவர் பெயரைச் சொல்லித்தான் பேசினீர்கள். ஆறு இரவு அவருக்கு மருந்து கொடுத்த எனக்கு அந்தப் பெயர் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. உங்கள் வாயால் அதைக் கேட்டபோதுதான் அழுதேன். அந்த அழுகைக்கு நன்றி, அக்கா.

மனநல மருத்துவரிடம் போனபோது நான் கேட்ட முதல் கேள்வி, “டாக்டர், நான் கெட்டவளாகிவிட்டேனா?” நீங்கள் பதில் சொல்லாமல் 22 கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்தீர்கள். பர்ன்அவுட், அதாவது வேலை அழுத்தத்தால் ஆள் முழுசாகத் துவண்டுபோவதை அளக்க, உளவியலாளர்கள் கிறிஸ்டினா மஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-இல் வெளியிட்ட அளவுகோல் அது. மனசு வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை மனிதராகப் பார்க்க முடியாமல் போவது, செய்கிற வேலையால் ஒரு பயனும் இல்லை என்று தோன்றுவது, இந்த மூன்றையும்தான் அது அளக்கிறது என்று அப்புறம் விளக்கினீர்கள். இரண்டாவதைக் கேட்டதுமே என் காதில் ‘பெட் ஏழு’ என்ற என் குரல் ஒலித்தது. 1974-இல் பர்ன்அவுட் பற்றி எழுதிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், நியூயார்க்கில் ஓர் இலவச கிளினிக்கில் உழைத்து உழைத்துத் தானே அதில் விழுந்து எழுந்தவர் என்பதையும் உங்களிடம்தான் தெரிந்துகொண்டேன். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை நோய் என்று சொல்லவில்லை; பணியிடத்தில் நீண்ட நாள் கவனிக்காமல் விட்ட அழுத்தத்தால் வரும் நிலை என்றுதான் சொன்னது. “உங்க குணம் ஒண்ணும் கெட்டுப்போகலை” என்று நீங்கள் சொன்னதை நம்ப எனக்கு மூன்று வாரம் ஆனது.

இன்சார்ஜ் சிஸ்டர், உங்களைப் பற்றி நிறைய எழுத வேண்டும். நாங்கள் எல்லோரும் துவண்டு கிடந்தபோது நிர்வாகம் ஒரு தியான வகுப்பு ஏற்பாடு செய்தது. இரவு டியூட்டி முடித்தவர்களும் வீட்டுக்குப் போகாமல் இருந்து கலந்துகொள்ள வேண்டும் என்றார்கள். நீங்கள் மேலே போய், “தியானம் வேண்டாம்னு சொல்லலை. முதல்ல என் பிள்ளைங்களைத் தூங்க விடுங்க” என்று சொன்னீர்கள். மூன்று இரவுகளுக்கு மேல் தொடர்ந்து யாருக்கும் போடக்கூடாது, இரவில் கூடுதலாக ஒருவர் வேண்டும் என்று எழுத்தில் வாங்கும் வரை விடவில்லை. தூங்காத உடம்புக்கு ஆன்மிகத்தை மருந்தாகக் கொடுப்பது கொடுமை என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். நானும் தினமும் கும்பிடுகிறவள்தான், நம்பிக்கை உள்ளவள் என்பதாலேயே இதைச் சொல்கிறேன். ஆளைக் குறைத்துவிட்டு, மிச்சத்தைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லக்கூடாது.

ரோஸ்டர் மாறிய பிறகுதான் நீங்கள் அந்த ஒரு நிமிடத்தைக் கொண்டுவந்தீர்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜோனதன் பார்டெல்ஸ் என்ற செவிலியர், நோயாளி இறந்ததும் சிகிச்சை செய்த குழு முழுவதும் கொஞ்ச நேரம் மௌனமாக நிற்கும் பழக்கத்தைத் தொடங்கினார் என்று சொன்னீர்கள். சரி, நின்று பார்ப்போம் என்றுதான் நினைத்தேன். முதல் முறை ஒரு வயதான அம்மாவுக்காக நின்றோம். நெஞ்சை அழுத்தி உயிரை மீட்கப் பார்க்கும் சிபிஆரை நிறுத்தியாகிவிட்டது. நீங்கள் மானிட்டரை அணைத்தீர்கள். அந்தச் சத்தம் நின்றபோதுதான் அதுவரை எவ்வளவு சத்தத்தில் இருந்தோம் என்று தெரிந்தது. ஆக்சிஜன் டியூபின் தடம் அவர் கன்னத்தில் சிவப்பாக இருந்தது. “இவங்க யாரோ ஒருத்தருக்கு அம்மா, யாரோ ஒருத்தருக்கு மகள். நாம முயற்சி பண்ணினோம். கொஞ்ச நேரம் அவங்களுக்காக நிப்போம்” என்றீர்கள். ஒரு தம்பி கண்ணை மூடி உதட்டுக்குள் ஏதோ சொன்னான். கடவுள் நம்பிக்கையே இல்லாத டாக்டர் அந்த அம்மாவின் கால் மேல் கை வைத்து நின்றார். கையுறையைக் கழற்றிவிட்டு வைத்திருந்தார். நான் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான். அன்றைக்குப் பல மாதங்களுக்குப் பிறகு வீட்டுக்குப் போய் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

ஆன்மிக ஆலோசகர் ஐயா, கும்பிட உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது என்று உங்களிடம் சொன்னேன். “கோபமா இருக்கிறதும் பேச்சுவார்த்தைதான், விடுங்க” என்றீர்கள். என்னை எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. செவிலியராக இருந்து, சமூகப் பணியாளராகி, பிறகு மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் 1967-இல் லண்டனில் ஹாஸ்பிஸ், அதாவது கடைசிக் கட்டத்தில் இருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லம், தொடங்கியதைச் சொன்னீர்கள். உடம்பு, மனசு, உறவு, ஆன்மா நான்கிலும் வலிக்கும், எல்லாவற்றையும் சேர்த்து ‘முழு வலி’ என்றார் அவர். “நோயாளிக்கு அதைக் கேக்கிறோம். உங்களை யாராவது கேட்டாங்களா?” என்று நீங்கள் கேட்ட அந்த மதியம் எனக்கு மறக்காது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் நன்றி. நான் பேசாத நாட்களில் என்னைப் பேச வைக்காமல் விட்டீர்கள்.

கடைசியாக, பெட் ஏழில் இருந்தவரின் மனைவிக்கு. அம்மா, எட்டு மாதம் கழித்து ஒரு சான்றிதழுக்காக நீங்கள் வந்தபோது ஓடி ஒளியத்தான் தோன்றியது. அன்று காலை சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். “கேட்டது ஞாபகம் இருக்கு” என்றீர்கள். மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. பிறகு என் கையைப் பிடித்து, “அவருக்குக் குளிர் ஆகாது. அன்னைக்கு ராத்திரி நான் வெளியே நின்னு வார்டு கண்ணாடி வழியா பார்த்தேன். நீதான் இன்னொரு போர்வை எடுத்துட்டு வந்து, பாதத்தைச் சுத்தி மடிச்சு விட்டே” என்றீர்கள்.

எனக்கு அது சுத்தமாக நினைவில்லை அம்மா. நீங்கள் பார்த்து வைத்திருந்தீர்கள்.

நன்றியுடன்,
உங்கள் சிஸ்டர்