மதர்போர்டுத் தேர்வைக் கடைக்காரரிடம் விட்டுவிடச் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் கணினிக் கேள்வி பதில் பகுதியில், ஏழாம் தலைமுறை ஐ5 கணினி வைத்திருக்கும் பள்ளிப்பட்டு வாசகர் ஒருவர், விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் விண்டோஸ் 11-க்கு மாற வேண்டியிருக்கிறது, அதற்குப் புதிய பிராசசர் (கணினியின் மூளையான சிப்) தேவை, இன்டெல் வாங்குவதா ஏஎம்டி வாங்குவதா என்று கேட்டிருந்தார். இரண்டுமே நல்லவைதான் என்று தொடங்கிய பதில், “பிராசசரை முடிவு செய்துவிட்டால் மதர்போர்டைக் கடைக்காரரே பார்த்துக்கொள்வார்” என்று முடிந்தது. பிராசசரும் ரேமும் செருகப்படும் பலகைதான் மதர்போர்டு, சுருக்கமாக போர்டு. ஆந்திர எல்லையில் உள்ள நகரியில் பல ஆண்டுகளாக டிடிபி கடையும் சிறிய அச்சகமும் நடத்திவரும் என்னால் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அந்த வாசகர் தம்மிடம் 16 ஜிபி டிடிஆர்4 ரேம் நல்ல நிலையில் இருப்பதாகவும் எழுதியிருந்தார். பதில் எழுதியவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. டிடிஆர்4 ரேமை, அதற்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5 ரேமுக்குரிய போர்டில் செருக முடியாது, வெட்டு இருக்கும் இடமே வேறு என்பது தாங்கள் அறியாததல்ல. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் (பிராசசரைப் பொருத்தும் இடம்) கொண்ட போர்டுகளும், இன்டெல்லின் கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்கான எல்ஜிஏ 1851 போர்டுகளும் டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். பழைய ரேமைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமானால் ஏஎம்டியின் முந்தைய சாக்கெட்டான ஏஎம்4 போர்டு வாங்க வேண்டும், அல்லது இன்டெல்லின் முந்தைய சாக்கெட்டான எல்ஜிஏ 1700-இல் டிடிஆர்4 ஏற்கும் போர்டாகப் பார்த்து வாங்க வேண்டும். எல்ஜிஏ 1700-இல் ஒரே சிப்செட்டுக்கு (போர்டின் இணைப்புகளை நிர்வகிக்கும் சிப்) இரண்டு வகை போர்டும் விற்பனையில் உண்டு. 2025-இன் கடைசி மாதங்களில் ரேம் விலை எப்படி ஏறியது என்பதைத் தங்கள் வணிகப் பக்கமே எழுதியது. அப்படியிருக்க, அவருடைய செலவில் பெரிய பகுதியைத் தீர்மானிக்கப்போவது போர்டுதான். அந்த முடிவைக் கடைக்காரரிடம் ஒப்படைக்கச் சொன்னால், அவர் தம் அலமாரியில் தேங்கிக் கிடப்பதைத்தான் எடுத்துக் கொடுப்பார்.

எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். அழைப்பிதழ் வேலைக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை என்பதால், உள்ளேயே கிராஃபிக்ஸ் (திரையில் படம் காட்டும் பகுதி) இருக்கும் ரைசன் 5 5600ஜி பிராசசரையும் அதற்கு ஏற்ற பி550 சிப்செட் போர்டையும் தாளில் எழுதிக்கொண்டு சென்னைக் கடை ஒன்றுக்குப் போனேன். பி550 இல்லை என்று சொல்லி அதற்கு முந்தைய பி450 போர்டு ஒன்றை எடுத்து வைத்தார்கள். 5000 வரிசை பிராசசர் இதில் ஓடுமா என்று கேட்டதற்கு, “இதுவும் ஏஎம்4 தான் சார், கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போங்கள்” என்றார் விற்பவர். சாக்கெட் ஒன்றுதான், பொய் இல்லை. ஆனால் அந்த போர்டு புதிய பிராசசர் வருவதற்கு முன்பே தயாராகிப் பெட்டிக்குள் போனது. அதிலிருந்த பயாஸுக்கு (கணினியைத் துவக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருளுக்கு) 5600ஜி என்றால் என்னவென்றே தெரியாது. வீட்டுக்கு வந்து பூட்டினால் விசிறி சுற்றியது, திரையில் படம் வரவில்லை. பயாஸைப் புதுப்பிக்க வேண்டுமானால், அதற்குத் தெரிந்த பழைய பிராசசர் ஒன்றை முதலில் மாட்டியாக வேண்டும். பிராசசர் இல்லாமலே பென் டிரைவ் வழியாகப் புதுப்பிக்கும் பொத்தான் சில போர்டுகளில் இருக்கிறது. எனக்குக் கொடுத்ததில் அது இல்லை. கடைக்குத் தொலைபேசியில் பேசினால், எடுத்து வாருங்கள் பார்க்கலாம் என்றார்கள். எடுத்துப் போனபோது பயாஸ் போட்டுத் தரத் தனிக் கட்டணம் கேட்டார்கள். முகூர்த்த மாதத்தில் கையில் இருந்த அழைப்பிதழ்களையெல்லாம் திருத்தணியில் வேறொருவரிடம் கூலி கொடுத்து வடிவமைத்து வாங்கினேன். “கடைக்காரரே பார்த்துக்கொள்வார்” என்ற வரி என்னை ஏன் சுட்டது என்பது இப்போது தங்களுக்குப் புரியும்.

தறிக்கூடம் நடத்தும் என் நண்பர் ஒருவருக்கோ ஐ5 12400 கேட்டதற்கு 12400எஃப் கொடுத்து அனுப்பினார்கள். கடைசியில் நிற்கும் அந்த ‘எஃப்’ என்ற எழுத்து, உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை என்பதைக் குறிக்கிறது. தனி கார்டு வாங்கி மாட்டும்வரை அவருடைய கணினி இருண்டே கிடந்தது.

பிராசசர் கம்பெனிகளின் கதையை எடுத்துக்கொண்டாலும், எல்லாம் போர்டில்தான் வந்து நிற்கிறது. 2017-இல் இன்டெல்லின் எட்டாம் தலைமுறை, முந்தையவற்றுக்கு இருந்த அதே 1151 பின்களோடுதான் வந்தது. ஆனாலும் பழைய 100, 200 வரிசை போர்டுகளில் அதைப் போட இன்டெல் இடம் தரவில்லை. 2020 மே மாதம், அடுத்து வரும் ஜென் 3 வடிவமைப்புப் பிராசசர்கள் பி450 போன்ற 400 வரிசை போர்டுகளில் ஓடாது என்று ஏஎம்டி அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்த பிறகே, சில நாள்களில் அதை மாற்றிக்கொண்டது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சில அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் பழுதானபோது, 2024-இல் அதற்கான மருந்து மைக்ரோகோடாக (பிராசசருக்குள் ஓடும் திருத்த நிரலாக) வந்தது. அது பயனாளரின் கைக்கு வந்த முக்கிய வழி, போர்டு கம்பெனி வெளியிட்ட பயாஸ்தான். பயாஸை ஒழுங்காக வெளியிடாத கம்பெனியின் போர்டை வாங்கியவர் என்ன செய்வார்? இதையெல்லாம் கடைக்காரர் பார்த்துக்கொள்வாரா?

எங்கள் ஊர்க் கவலை இன்னொன்று. தறிகள் ஓடும் ஊரில் மின்சாரம் ஒரே சீராக இருப்பதில்லை. கோடையில் அறைக்குள் வெக்கை தாங்காது. 65 வாட் என்று சொல்லப்படும் ஐ5 12400, முழு வேகத்தில் 117 வாட் வரை போகலாம். அந்த மின்சாரத்தைப் பிராசசருக்கு ஏற்றவாறு மாற்றிக் கொடுக்கும் விஆர்எம் பகுதி, விலை குறைந்த பல போர்டுகளில் மேலே வெப்பத்தைக் கடத்தும் உலோகமான ஹீட்சிங்க்கூட இல்லாமல் வெறுமனே இருக்கும். தங்கள் பகுதி இதைப் பற்றி ஒரு வரியாவது எழுதியதுண்டா? எந்த விளையாட்டு எத்தனை எஃப்பிஎஸ் (நொடிக்கு இத்தனை படம்) வேகத்தில் ஓடுகிறது என்றுதான் வாரந்தோறும் வருகிறது. தமிழிலும் தெலுங்கிலும் அழைப்பிதழ் அடிக்கிறவர்களும், பில் போடுகிறவர்களும் தங்கள் வாசகர்கள் இல்லையா? முன்பு ஒருமுறை “ஐ5 இருந்தால் போதும்” என்று தலைமுறையைச் சொல்லாமலே எழுதினீர்கள். நான்கு கோர் (கணக்கிடும் அலகு), நான்கு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை) கொண்ட ஐ5 7400-ஐவிட, நான்கு கோர், எட்டுத் திரெட் கொண்ட ஐ3 12100 வேகமானது என்று விளக்கி நான் அனுப்பிய கடிதம் வெளிவரவில்லை, பதிலும் வரவில்லை.

சென்னைக் கடைகளை மனத்தில் வைத்தே எழுதுகிறீர்கள் என்பதும் எனக்கு நெடுநாள் வருத்தம். சென்னையில் இருப்பவர் தவறான போர்டை மறுநாளே மாற்றிக்கொள்ளலாம். நாங்கள் ஏகாம்பரகுப்பத்தில் ரயில் ஏறி, ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டுப் போக வேண்டும். கடைக்காரர் தமிழ்நாட்டு வரியாகப் பில் போட்டுவிட்டால், அந்த 18 சதவீத ஜிஎஸ்டியை ஆந்திரப் பதிவில் ஈடுகட்டிக்கொள்ளவும் வழியில்லை. 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நகரி ஆந்திரத்தில் நின்றுவிட்டது. அதற்காக எங்கள் வீடுகளில் தமிழ் நாளிதழ் வாங்குவதை யாரும் நிறுத்தவில்லை. எங்களையும் நினைத்து ஒரு வரி எழுதியிருக்கலாம்.

பள்ளிப்பட்டு வாசகர் இன்னும் எதையும் வாங்கவில்லை என்று நம்பி, என் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். பழைய ரேமை வைத்துக்கொள்வதானால் பி550 போர்டில் 5600ஜி, அல்லது டிடிஆர்4 ஏற்கும் பி660, பி760 சிப்செட் போர்டு ஒன்றில் ஐ5 12400 வாங்கலாம். எச்610 விலை குறைவு, ஆனால் ரேமுக்கு இரண்டே இடம்தான். ஏஎம்4, எல்ஜிஏ 1700 ஆகிய இரண்டு சாக்கெட்டுமே வளர்ச்சி முடிந்தவை. புதிய தலைமுறை இனி இவற்றுக்கு வராது. சில ஆண்டுகள் கழித்து பிராசசரை மட்டும் மாற்ற நினைப்பவர், புதிய ரேம் செலவையும் ஏற்றுக்கொண்டு ஏஎம்5-க்குப் போவதே நல்லது. 2027-உம் அதற்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. எதுவானாலும் போர்டு கம்பெனியின் இணையதளத்தில் உள்ள பிராசசர் பட்டியலைத் திறந்து, எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து ஓடும் என்பதைப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

தங்களிடம் நான் கேட்பது சிறிய உதவிதான். அடுத்த வாரக் கேள்வி பதில் பகுதியில் அந்த வரிக்கு ஒரு திருத்தமும், எந்தச் சாக்கெட்டுக்கு எந்தத் தலைமுறை, எந்த ரேம், எதில் கிராஃபிக்ஸ் உண்டு என்று காட்டும் ஒரு சிறு அட்டவணையும் வெளியிடுங்கள். ஆந்திர எல்லைக்கு வரும் பதிப்பிலும் அது தவறாமல் இடம்பெற வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அச்சகம் நடத்தும் வாசகர்,
நகரி.