தன்பியூசாயட் எந்தப் பாடத்தில் இருக்கிறது?

மியான்மரில் தமிழ் வகுப்பு நடத்தும் கோயில் அறங்காவலர்களுக்கும், பாடப் புத்தகம் தயாரிக்கும் பெரியவர்களுக்கும், என்னைப் போன்ற விடுமுறை வகுப்பு ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பர்மாத் தமிழருக்கு நடந்தது நம் வகுப்புப் புத்தகத்தில் இல்லை. அதைச் சொல்லும் இந்தக் கடிதத்தை நிர்வாகக் கூட்டத்தில் வாசிப்பதற்காகத்தான் எழுதினேன். கூட்டத்தில் திருவிழாக் கணக்கே இரவு பத்து மணி வரை இழுத்துவிட்டது. கல்வி பற்றிய பேச்சு வரும்போது பாதிப் பேர் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆகவே எல்லோருக்கும் பொதுவாக அனுப்புகிறேன்.

இந்தக் கோடை வகுப்பில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அவள் படிக்கும் அரசுப் பள்ளியில், 1945 மார்ச் 27 அன்று பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சானின் படை ஜப்பானியர்மீது திரும்பியதைப் படித்திருக்கிறாள். அவரோடு முன்பு ஜப்பானியரிடம் போர்ப் பயிற்சி பெற்ற முப்பது தோழர்களின் கதையும் அவளுக்கு மனப்பாடம். "ஐயா, அந்தச் சண்டை நடந்தபோது நாம் எங்கே இருந்தோம்?" என்றாள்.

நம் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். இராசேந்திர சோழன் கடாரத்துக்குக் கப்பல் அனுப்புகிறான். அடுத்த பாடம் பொங்கல் வைப்பது எப்படி. நடுவே ஒன்பது நூற்றாண்டுக்கு மேல் காணவில்லை. கரும்பலகைக்கு மேலே நேதாஜி படம் மாட்டியிருந்தது. அதைக் காட்டி, "இவரோடு இருந்தோம்" என்று சொல்லித் தப்பித்தேன். அப்படித் தப்பித்தது அன்றிரவு முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை.

நாம் எங்கே இருந்தோம்? இரங்கூன் துறைமுகத்தில் இருந்தோம். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இரங்கூனின் 4 லட்சம் மக்களில் 2 லட்சத்து 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். மூட்டை தூக்கியவர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்கள், தெரு கூட்டியவர்கள், மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிவிட்டு அதற்காக உழைத்தவர்கள். தெலுங்கரும் ஒரியரும் வங்காளிகளும் தமிழரும் கலந்த கூட்டம் அது. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் அந்த நகரின்மீது குண்டு வீசின. விமானச் சண்டையை வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்றவர்கள் நின்ற இடத்திலேயே செத்தார்கள். ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கிறிஸ்துமஸ் அன்று விமானங்கள் மீண்டும் வந்தன.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நம் வீடுகளில் "நடை" என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறோம். "பெரியப்பா நடையில் போனார்." எங்கே நடந்தார், ஏன் நடந்தார், எத்தனை பேரோடு நடந்தார் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. ஏன் நடந்தார் என்பதிலேயே ஒரு முழுப் பாடம் இருக்கிறது. முதல் குண்டு விழுந்ததும் புரோம் சாலையில் நடக்கத் தொடங்கிய கூலிகளை ஆங்கில அரசு சமாதானம் சொல்லித் திருப்பி அழைத்து வந்தது. அவர்கள் இல்லாவிட்டால் துறைமுகத்தில் யார் சரக்கு இறக்குவது? கப்பலில் மேல்தளப் பயணம் மட்டுமே ஏழைக்குக் கட்டுப்படியாகும். அந்த டிக்கெட்டை வயதுவந்த இந்திய ஆண்களுக்கு விற்கக் கூடாது என்று தடை போட்டார்கள். பணமும் பதவியும் உள்ளவன் கப்பல் ஏறினான். மூட்டை தூக்கியவன் காத்திருந்தான். 1942 மார்ச் 8 அன்று இரங்கூன் விழுந்தபோது மிஞ்சியது கால் மட்டும்தான்.

புரோமிலிருந்து அரக்கான் மலையைக் கடந்து தவுங்கப் வழியாகக் கடற்கரைக்குப் போனவர்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். வழியில் தண்ணீர் இல்லை, வாந்திபேதி இருந்தது. இன்னொரு கூட்டம் சிந்துவின் ஆற்றைக் கடந்து தமு வழியாக மணிப்பூருக்குப் போனது. மழை தொடங்கிய பிறகு வடக்கே ஹுக்கவுங் பள்ளத்தாக்கில் சேற்றில் சிக்கியவர்கள் நிலைதான் மிக மோசம். வெள்ளையருக்கு ஒரு பாதை, கறுப்பருக்கு ஒரு பாதை என்று ஒதுக்கினார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போதே இந்தியாவில் பெரிய கொந்தளிப்பானது. மொத்தம் நான்கைந்து லட்சம் பேர் வெளியேறினார்கள். இறந்தவர்கள் பத்தாயிரம் என்பாரும் உண்டு, ஐம்பதாயிரம் என்பாரும் உண்டு, அதற்கும் மேல் என்பாரும் உண்டு. இத்தனை அகலமான இடைவெளி எதைச் சொல்கிறது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். யாரும் எண்ணவில்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

தமிழில் சான்று இல்லை என்று நாம் சாக்குச் சொல்லவும் முடியாது. இரங்கூனில் 'ஜோதி' இதழின் ஆசிரியராக இருந்த வெ. சாமிநாத சர்மா அந்த நடையை நடந்து, அதைத் தமிழில் எழுதியும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதிலிருந்து ஒரு பக்கமாவது நம் புத்தகத்தில் இருக்கிறதா?

எங்கள் குடும்பத்தில் தாத்தாவின் அண்ணன் நடந்தார். தாத்தா நடக்கவில்லை, பாட்டி நிறைமாதம். பக்கத்து வீட்டுப் பர்மியக் கிழவி என் பாட்டிக்குப் பர்மியக் கைலி கட்டிவிட்டு, முகத்தில் தனக்கா என்னும் மரப்பட்டைச் சாந்து பூசி, தன் மகள் என்று சொல்லி மூன்று மாதம் வைத்திருந்தாள். நகரங்களில் இந்தியரைக் கண்டால் வெட்டினார்கள் என்ற பேச்சு ஊரெங்கும் ஓடிக்கொண்டிருந்த நேரம். பாட்டி சாகும்வரை அந்தக் கிழவியின் நினைவாக வருடம் ஒருமுறை புத்த பிக்குகளுக்கு அன்னதானம் செய்தாள். பெரிய தாத்தாவிடமிருந்து கடிதம் வரவேயில்லை. அவர் சேர்ந்தாரா, வழியில் விழுந்தாரா என்பது இன்றுவரை தெரியாது. ஜப்பான் காலத்தில் துணி கிடைக்காமல் கோணியைக் கட்டிக்கொண்டு திரிந்ததையும், ஜப்பான் நோட்டுகளைப் பானையில் சேர்த்து வைத்துக் கடைசியில் அடுப்பெரித்ததையும் பாட்டி சிரித்துக்கொண்டே சொல்வாள். நடையைப் பற்றிக் கேட்டால் மட்டும் எழுந்து போய்விடுவாள்.

இப்போது ஜப்பானியர் போட்ட ரயில் பாதைக்கு வருகிறேன். மலேசியத் தமிழர் அதைச் சயாம் மரண ரயில் என்கிறார்கள். அந்தப் பாதை 415 கிலோமீட்டர். அதன் ஒரு முனைதான் சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில். மறுமுனை மோன் மாநிலத்தில், மோல்மேனுக்குத் தெற்கே, தன்பியூசாயட்டில் இருக்கிறது. எங்களூரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். நம் பிள்ளைகளில் பலர் அந்த வழியாகக் கடற்கரைக்குச் சுற்றுலா போய் வந்தவர்கள். பழைய ரயில் எஞ்சின் பக்கத்தில் நின்று படம் எடுத்திருக்கிறார்கள். அது என்ன எஞ்சின் என்று ஒருவருக்கும் தெரியாது.

1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த பாதை அது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகளை ஜப்பானியர் அதில் வேலை வாங்கினார்கள். அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியக் கூலிகள் அதைப்போலப் பல மடங்கு. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து, ரப்பர் விற்பனை நின்று பட்டினி கிடந்த தமிழர்களைச் சம்பளம், அரிசி என்று ஆசை காட்டியும் பிடித்தும் பல்லாயிரக்கணக்கில் கொண்டு போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் வேலை செய்தது சயாம் பக்கம். நம் பக்கத்தில் பர்மியரையும் மோன்களையும் கரென்களையும் "வியர்வைப் படை" என்று பெயரிட்டுக் கிராமம் கிராமமாகத் திரட்டினார்கள். 1943 மழையில் வாந்திபேதி வந்தது. கைதிகளிடம் மருத்துவர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், பெயர்ப் பட்டியல் இருந்தது. கூலிகளிடம் ஒன்றும் இல்லை. ஆசியத் தொழிலாளரில் இறந்தவர்கள் சுமார் 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். அந்தச் "சுமார்" என்ற சொல்லை நான் கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போடுவேன். வெள்ளைக்காரன் செத்தால் எண், நம்மவன் செத்தால் சுமார்.

தன்பியூசாயட் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறீர்களா? புல் வெட்டி, பூச்செடி வைத்து, ஒவ்வொரு கல்லிலும் பெயர் பொறித்து வைத்திருக்கிறார்கள். 3,000க்கும் மேற்பட்ட காமன்வெல்த் வீரர்கள், 600க்கும் மேற்பட்ட டச்சுக்காரர்கள். அப்படிப் பேணுவதை நான் குறை சொல்லவில்லை, கைகூப்பிவிட்டுத்தான் வந்தேன். கூலிகளின் கல்லறை எங்கே என்று தேடினால் ரப்பர்த் தோட்டமும் வயலும்தான் கண்ணில் படுகின்றன. 2016இல் அங்கே ஓர் அருங்காட்சியகமும் திறந்தார்கள். சயாம் பக்கத்தில், காஞ்சனபுரியில், தமிழ்த் தொழிலாளருக்கு அண்மையில்தான் ஒரு நடுகல் நட்டார்கள். நம் முனையில் ஒரு செங்கல்கூட இல்லை. கோபுரத்துக்கு வண்ணம் பூச வருடந்தோறும் வசூல் செய்கிறோம்; நானும் கொடுக்கிறேன்.

இதைப் பாடமாக வைக்கலாம் என்று போன வருடம் சொன்னபோது ஒரு நிர்வாகி என்னைத் தனியே அழைத்து, "நேதாஜி படத்தை வைத்துக்கொண்டு ஜப்பான்காரனைத் திட்டினால் பிள்ளைகள் குழம்புவார்கள்" என்றார். நல்ல மனிதர், உண்மையைத்தான் சொன்னார். நாம் மௌனமாக இருப்பதற்குக் காரணமே அதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஜப்பானோடு கூட்டுச் சேர்ந்து இந்திய தேசிய இராணுவத்தை நடத்திய நேதாஜி 1944 ஜனவரியில் தம் தலைமையகத்தை இரங்கூனுக்கு மாற்றினார். அவர் படையில் மலேயாத் தோட்டத் தமிழர்கள் ஏராளம். சென்னையில் பிறந்த கேப்டன் லட்சுமியின் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்த பெண்களில் பலர் ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். அவர்களில் ஒரு பகுதியினர் பர்மாவுக்கு வந்ததே அந்த ரயில் பாதையில்தான். தங்கள் தோட்டத்திலிருந்து போனவர்கள் செத்துக் கிடந்த வழியாக, அவர்களைச் சாகடித்த அரசின் கூட்டாளிகளாக, இந்தியாவை விடுவிக்க வந்தார்கள். எதிர்ப் பக்கத்தில், ஆங்கிலேயரின் பதினான்காவது படையில் மதராஸ் சாப்பர்கள் என்ற பொறியியல் படையினர் பாலம் கட்டினார்கள், சாலை போட்டார்கள். அங்கேயும் தமிழன்தான். பிள்ளைகள் குழம்பட்டும் என்கிறேன். இதைக் கேட்டுக் குழம்பாத பிள்ளை பாடத்தைக் கவனிக்கவில்லை என்றுதான் அர்த்தம். படத்தைக் கழற்றச் சொல்லவில்லை. படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டே இதையும் சொல்லிக் கொடுப்போம் என்கிறேன்.

இரங்கூனுக்கு வடக்கே தவுக்கியான் கல்லறைத் தோட்டத்துக்கு ஒருமுறை பதினைந்து பிள்ளைகளை அழைத்துப் போனேன். நடுவே இருக்கும் நினைவு மண்டபத் தூண்களில் கல்லறை இல்லாத ஏறக்குறைய 27,000 வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஒரு பையன் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்து, தன் தாத்தாவின் பெயர் இருக்கிறது என்று கத்தினான். அவன் தாத்தா இல்லை. அதே பெயர் கொண்ட வேறொருவர். ஆனாலும் அவன் அந்த எழுத்தின்மேல் விரல் வைத்தபடி நகர மறுத்தான். "சுதந்திர மனிதர் அனைவருக்காகவும் இவர்கள் மடிந்தனர்" என்ற பொருளில் ஐந்து மொழிகளில் அங்கே பொறித்திருக்கிறார்கள்: ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குருமுகி எழுத்தில் பஞ்சாபி. தமிழ் எங்கே என்று அவன்தான் கேட்டான். அந்த ஒரு நாளில் அவர்கள் கற்றது நான் இரண்டு வருடம் கத்திச் சொன்னதைவிட அதிகம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்களில் சிலருக்குப் பிடிக்காது. நாம் பாதிக்கப்பட்ட கதையை மட்டும் பாடமாக்கினால் அதுவும் ஓட்டைப் பாடம்தான். 1930களின் விலைவீழ்ச்சியில் கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார் பெட்டகங்களுக்கு வந்தது. தென் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் அப்படிக் கைமாறியது. 1930இல் துறைமுகத்திலும் 1938இல் நகரமெங்கும் வெடித்த கலவரங்களுக்கு அந்தக் கசப்பும் ஒரு காரணம். இந்தியர்கள் 1942இல் குண்டுக்கு மட்டும் பயந்து ஓடவில்லை. நம் பிள்ளைகள் பர்மியப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். அந்தக் கதையை நம் வாயால் கேட்பது நல்லது. பாட்டியை மகள் என்று சொன்ன கிழவியின் கதையும் அதோடு சேர்ந்தே வரட்டும்.

இந்த நேரத்தில் போரைப் பற்றிப் பேச வேண்டுமா என்று கேட்பீர்கள். எந்த நேரத்தில் பேசினோம்? 1965இல் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபோது நம் பள்ளிகளும் போயின. அதற்குப் பிறகு பயத்தில் பேசவில்லை. பயம் குறைந்தபோது பழக்கத்தில் பேசவில்லை. அரசுப் பாடப் புத்தகத்தை மாற்ற நமக்கு அதிகாரம் இல்லை. கோயில் மண்டபத்தில் நடக்கும் ஞாயிறு வகுப்புப் புத்தகத்தை அச்சடிப்பது நாம்தான். அதில் ஆறு பக்கம் கேட்கிறேன். துறைமுகம், நடை, ரயில், இரு பக்கப் படைகள், நிலம், அடைக்கலம் தந்தவர்கள். எழுதித் தர நான் தயார். திருத்த உங்களில் படித்தவர்கள் இருக்கிறார்கள். சாலைகள் ஒழுங்காகும்போது தன்பியூசாயட்டுக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்ய வேண்டும். நடுகல்லைப் பற்றி அங்கே நின்று பேசிக்கொள்ளலாம்.

ஒரு வேலை மட்டும் காத்திருக்காது. எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். தவுங்கப் மலையில் பாதி ஏறி, தம்பியைப் புதைத்துவிட்டு, குடும்பத்தோடு திரும்பி வந்தவர். அப்போது வயது பத்து. இப்போது காது மந்தம். மதியத்துக்கு மேல் ஆட்களை மாற்றிச் சொல்கிறார். காலையில் தெளிவாக இருக்கிறார். வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுமியையும் இன்னும் இருவரையும் அவரிடம் அழைத்துப் போகிறேன். போன திருவிழாவுக்கு வாங்கிய ஒலிப்பதிவுக் கருவி கோயில் அலுவலகப் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. சனிக்கிழமை மாலை பூசை முடிந்ததும் அதன் சாவியை வாங்கிக்கொள்ள வருகிறேன். யாராவது அலுவலகத்தில் இருங்கள்.

இப்படிக்கு,
தட்டோன் வட்டாரத்து விடுமுறை வகுப்பு ஆசிரியர் ஒருவர்