நடுவில் உள்ள 17 எழுத்து வெற்றிடம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் மாணவர் பக்கத்தில் வந்த காசநோய் மருந்துக் கட்டுரையை, தேவகோட்டையில் என் வீட்டு முகப்புக்கு மாலையில் படிக்க வரும் பிளஸ் டூ பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசித்தேன். ரிஃபாம்பிசின் என்ற அந்த மருந்து, பாக்டீரியாவில் டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏ செய்யும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸில் போய் ஒட்டிக்கொண்டு, ஆர்என்ஏ இரண்டு மூன்று எழுத்துக்கு (அதாவது காரத்துக்கு) மேல் நீளாமல் வழியை அடைத்துவிடுகிறது என்பதை அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் கூடவே போட்டிருந்த, பாலிமரேஸ் வந்து உட்காரும் டிஎன்ஏ பகுதியான புரமோட்டரின் படத்தில், ஆர்என்ஏ தொடங்கும் இடத்துக்குச் சுமார் 35, 10 எழுத்து முன்னால் உள்ள -35 பெட்டிக்கும் -10 பெட்டிக்கும் நடுவே ஒரு கோடு இழுத்து, 'பயனற்ற இடைவெளி' என்று குறித்திருக்கிறீர்கள். அது தவறு.

ஒரு மாணவி உடனே கேட்டாள்: "சார், பயன் இல்லைன்னா அதுல ரெண்டு எழுத்தை வெட்டிட்டா ஒண்ணும் ஆகாதா?" ஆகும். ஈ. கோலை பாக்டீரியாவில் சிக்மா 70 என்ற புரதம், பாலிமரேஸோடு சேர்ந்து, ஒரு பகுதியால் -35இல் உள்ள டிடிஜிஏசிஏ என்பதையும் இன்னொரு பகுதியால் -10இல் உள்ள டிஏடிஏஏடி என்பதையும் பிடிக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும், அந்த இரண்டு கைகளுக்கும் நடுவே உள்ள தூரமோ ஏறக்குறைய நிலையானது. அதற்குத் தோதான இடைவெளி 17 எழுத்து. 16, 18 என்றாலும் சமாளித்துக்கொள்ளும், அதைத் தாண்டினால் படியெடுத்தல் (டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ எழுதுவது) தொடங்குவது வெகுவாகக் குறைந்துபோகும். நடுவில் வரும் எழுத்து எது என்பது ஓரளவுதான் முக்கியம், எத்தனை என்பதுதான் பெரிய விஷயம். அதில் செய்தி இல்லை என்று எழுதியிருந்தால்கூட ஒப்புக்கொண்டிருப்பேன். பயன் இல்லை என்றதைத்தான் ஏற்க முடியவில்லை.

தூரம் மட்டும் என்றால் கொஞ்சம் இழுத்துக்கொள்ளலாமே என்று இன்னொரு பையன் கேட்டான். சரி என்று கிணற்றடியில் கிடந்த இரண்டு புரிக் கயிறு ஒன்றை எடுத்து வந்தேன். ஒரு புரியில் சிவப்பு நூல் கட்டி, அதே புரி இரண்டு சுற்றுச் சுற்றி மறுபடி மேலே வரும் இடத்தில் இன்னொரு நூல் கட்டினோம், இரண்டு முடிச்சும் எங்களைப் பார்த்திருந்தன. இரண்டாவது முடிச்சை அதே புரியிலேயே சற்று நகர்த்தியதும் அது பக்கவாட்டுக்குப் போய்விட்டது, இன்னும் நகர்த்தினால் கயிற்றுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. டிஎன்ஏவும் முறுக்குதானே! ஒரு சுற்றுக்குச் சுமார் 10.5 எழுத்து. அதனால் ஒரே ஒரு எழுத்து கூடினால் 0.34 நானோமீட்டர் தள்ளிப்போவதோடு, சுமார் 34 பாகை திரும்பியும் போகிறது. பிடிக்க வேண்டிய பெட்டி கைக்கு நேராக இருக்காது.

ஈ. கோலையில் லாக்டோஸ் சர்க்கரையைப் பயன்படுத்தும் மரபணுக்களுக்கான லாக் புரமோட்டரில் இயல்பாகவே இடைவெளி 18. ஒன்றைக் குறைத்து 17 ஆக்கினால் அது வலுக்கிறது என்று ஸ்டெஃபானோ, கிரல்லா என்ற ஆய்வாளர்கள் 1982லேயே காட்டிவிட்டார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பாதரசத்தைத் தாங்கும் பாக்டீரியாவின் கதை. அங்கே பாதரசத்தை எதிர்க்கும் மரபணுக்களின் புரமோட்டரில் இடைவெளி 19, அதாவது இரண்டு எழுத்து அதிகம். பாலிமரேஸ் வந்து உட்கார்ந்துவிடும், ஆனால் வேலை தொடங்காது. மெர்ஆர் என்ற புரதம் அங்கேயே காத்துக்கொண்டிருக்கும். பாதரசம் உள்ளே வந்து மெர்ஆரில் ஒட்டியதும் அது டிஎன்ஏவின் முறுக்கைக் கொஞ்சம் தளர்த்திவிடுகிறது, இரண்டு பெட்டியும் நேருக்கு வருகின்றன, படியெடுத்தல் தொடங்குகிறது. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை பாருங்கள், முறுக்கு மட்டும்தான் மாறியது. நீங்கள் பயனற்றது என்று குறித்த அந்த இடம்தான் அங்கே சுவிட்சாகவே வேலை செய்கிறது.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் உங்கள் மாணவர் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டிவைத்துப் படிக்கிறார்கள். ஒட்டியது ஒட்டியபடியே மனதில் நின்றுவிடும், அப்புறம் கல்லூரிக்குப் போய் அதை அழித்து எழுதுவது பெரும்பாடு. அடுத்த இதழில் ஒரு சிறிய திருத்தம் போடுங்கள். முடிந்தால் படத்தையும் நேர்க்கோடாக இல்லாமல் முறுக்காகவே வரைந்து, நடுவில் '17' என்று எழுதி, -10க்கும் ஆர்என்ஏ தொடங்கும் இடத்துக்கும் நடுவே உள்ள ஏழெட்டு எழுத்தையும் காட்டிவிடுங்கள். அது என்ன இடைவெளி என்றுதான் அந்த மாணவி நேற்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியர்,
தேவகோட்டை.