வண்டி சூடானதற்குக் காரணம் குரோம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு யோசனைகள் சொல்லியிருந்தீர்கள். அதில் ஒரு வரி, இன்ஜின் பாகங்களுக்குக் குரோம் முலாம் போட்டால் சூடு வெளியே போக வழியில்லாமல் இன்ஜின் உள்ளேயே வெந்துவிடும், கழற்றி எறியுங்கள் என்று. அன்றைக்கு மதியத்துக்குள் எனக்கு இரண்டு போன். இரண்டு பேரும் ஆசையாகக் குரோம் போட்டு வைத்திருக்கிறவர்கள், நிஜமாகவே பயந்துவிட்டார்கள். இன்னொரு பக்கம், உதிரிபாகக் கடைகளில் இதற்கு நேர் எதிராக, குரோம் சூட்டை வீசி எறியும், இன்ஜின் ஜில்லென்று இருக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். ரெண்டுமே தப்பு. கோவை பீளமேட்டில் முப்பது வருஷமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன், பிளேட்டிங் கடைக்கும் எனக்கும் தினப்படி போக்குவரத்து உண்டு, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அப்பா வாங்கிய அம்பாசடர் இன்னும் ஓடுகிறது, 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். இன்ஜினின் உச்சியில் வால்வு பாகங்களை மூடியிருக்கும் டேப்பட் கவருக்கு நான்தான் ஆசைப்பட்டுக் குரோம் போட்டேன். அடுத்த மாதமே குடும்பத்தோடு ஊட்டி கிளம்பினோம், மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறி, பர்லியாறு கடந்து நாலைந்து வளைவு போவதற்குள் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரமாக நிறுத்திப் பானெட்டைத் தூக்கியதும் மாமா கை காட்டியது அந்தக் கவரைத்தான். "சொன்னேனல்ல மாப்ள, பளபளன்னு மூடி வச்சா சூடு எப்படிப் போகும்?" என்றார். எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை. ஊருக்கு வந்து ரேடியேட்டரைக் கழற்றிக் கொடுத்தால், கடைக்காரர் மேல் தொட்டியைப் பிரித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். குழாய் வாய்களில் பாதிக்கு மேல் வெள்ளை வெள்ளையாக உப்பு அடைத்துக் கிடந்தது. சிறுவாணித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வரைக்கும் ஒன்றுமில்லை, வீடு மாறி போர் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மெல்லிய தகடு விட்டு ஒவ்வொரு குழாயாகக் குத்திச் சுத்தம் செய்து, கூலன்ட் ஊற்றி மாட்டிய பிறகு அதே மலையை அதே குரோம் கவரோடு ஏறினோம், முள் பாதியைத் தாண்டவில்லை.

அப்புறம்தான் இதை உட்கார்ந்து யோசித்தேன். குரோம் சூட்டைத் தடுக்கும் என்பவர்கள் அதை ஏதோ கம்பளி போர்த்திய மாதிரி நினைக்கிறார்கள். அழகுக்குப் போடும் முலாமில் மேலே இருக்கும் குரோம் அரை மைக்ரான்கூட (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்காது, நம் தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குக் கீழே இருக்கும் நிக்கல் 10 முதல் 30 மைக்ரான் வரை இருக்கும். இரண்டுமே உலோகம், இரண்டுமே சூட்டைக் கடத்துவதில் வார்ப்பிரும்பை விட மேல். அந்த மெல்லிய படலத்தைத் தாண்டுவது சூட்டுக்கு ஒரு வேலையே இல்லை. அந்தப் பரப்பிலிருந்து காற்றுக்குப் போவதுதான் அதற்குக் கஷ்டம்.

ஆனால் குரோமுக்கு ஒரு குணம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சூடான பொருள் காற்றுக்குச் சூட்டைக் கொடுப்பது ஒரு வழி, கதிராக வீசுவது இன்னொரு வழி. பளபளப்பான பரப்பு கதிராக வீசுவதில் கஞ்சம், கறுப்பும் சொரசொரப்புமான பரப்பு தாராளம். 1804-லேயே ஜான் லெஸ்லி என்பவர் வெந்நீர் நிரப்பிய ஒரு கனசதுரப் பெட்டியின் பக்கங்களைப் பளபளப்பாகவும் கறுப்பாகவும் வைத்து இதைக் காட்டிவிட்டார். வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே அளவு எவர்சில்வர் டம்ளர் இரண்டு எடுத்து, ஒன்றின் வெளிப்பக்கம் முழுக்க விளக்குப் புகையில் காட்டிக் கரி பிடிக்க வைத்து, இரண்டிலும் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி மூடி, காற்றில்லாத இடத்தில் வைத்தால் கரி டம்ளர்தான் முதலில் ஆறும்.

சரி, அது இன்ஜினில் எவ்வளவு? நூறு டிகிரி சூட்டில் ஒரு சதுர மீட்டர் பரப்பு இருக்கிறது, சுற்றிலும் நாற்பது டிகிரி என்று வைத்துக்கொண்டால், கறுப்புப் பெயின்ட் கதிராக வீசுவது சுமார் 500 வாட், குரோம் வீசுவது 50 சொச்சம். பத்து மடங்கு வித்தியாசம் என்று கேட்டதும் பயம் வரும். என் டேப்பட் கவரின் பரப்போ சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். ஆக நான் இழந்தது 45 வாட் அளவு, பழைய குண்டு பல்பு ஒன்றின் கணக்கு. மலை ஏறும்போது அந்த இன்ஜின் தண்ணீருக்குத் தள்ளும் சூடு கிலோவாட் கணக்கில், பதினைந்து இருபது என்று போகும். அதை எடுத்துக்கொண்டு போவது ரேடியேட்டரும் ஃபேனும்தான். குழாய் அடைத்த ரேடியேட்டரையும் தளர்ந்த ஃபேன் பெல்ட்டையும் விட்டுவிட்டுக் குரோமைத் திட்டுவதில் பிரயோஜனமே இல்லை.

குரோம் போட்டால் ஜில்லென்று இருக்கும் என்கிற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் என் பட்டறையிலேயே பார்த்தேன். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டிப் பார்த்தார்களே, அதே இனத்துத் துப்பாக்கி தெர்மாமீட்டர் ஒன்றை ஒரு பையன் கொண்டுவந்து, ஓடிச் சூடான என் குரோம் கவர் மேல் அடித்தான். 46 என்று காட்டியது. பக்கத்திலேயே பெயின்ட் அடித்த பகுதியில் 90. "பாருங்கண்ணா, பாதிதான்!" என்றான். நான் கவர் மேல் விரலகலத்துக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, இரண்டு நிமிஷம் விட்டு, டேப் மேல் அடிக்கச் சொன்னேன். 91. அந்தக் கருவி கதிரைப் பார்த்துத்தான் சூட்டைச் சொல்கிறது. குரோம் கதிரை அதிகம் வீசாததால் கருவி ஏமாந்துபோகிறது, சுற்றுப்புறத்தின் பிரதிபலிப்பையும் சேர்த்துப் படித்துவிட்டு ஒரு குறைந்த எண்ணைக் காட்டுகிறது. அந்த 46-ஐ நம்பி யாராவது கையை வைத்தால் தோல் பொசுங்கிவிடும். தயவுசெய்து பளபளப்பான எதையும் அந்தத் துப்பாக்கியால் நேராக அளக்காதீர்கள்.

எக்ஸாஸ்ட், அதாவது புகைக் குழாய் பக்கம் கதை வேறு. ஐநூறு டிகிரிக்குப் போகும் குழாயில் கதிராக வீசும் சூடுதான் பெரும் பங்கு, அங்கே பளபளப்பு இருந்தால் சூடு குழாய்க்குள்ளேயே தங்கிப் புகையோடு பின்னால் போகும், பானெட்டுக்குள் கொஞ்சம் குறையும். கம்பெனிக்காரர்களே, இன்ஜினிலிருந்து புகை வெளிவரும் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் பளபளப்பான தகடு வைத்துத் தடுப்பது இதே காரணத்துக்குத்தான். குரோம் அங்கே ரொம்ப நாள் நிற்காது, மஞ்சளாகி நீலமாகிவிடும், அது வேறு விஷயம்.

புல்லட் வைத்திருக்கும் தம்பிகள் சிலிண்டரைச் சுற்றிச் சூட்டைக் காற்றில் விடும் தகடுகளான ஃபின்களுக்குக் குரோம் கேட்டு வருவார்கள், அதை மட்டும் நான் செய்து தருவதில்லை. அங்கே தண்ணீரும் இல்லை, ரேடியேட்டரும் இல்லை, ஃபின்தான் எல்லாம். வண்டி ஓடும்போது காற்று பார்த்துக்கொள்ளும், சிக்னலில் நிற்கும்போது கதிராகப் போவதும் கணக்கில் வரும். அதோடு, முலாம் போடுவதற்கு முன்னால் பஃபிங் என்று ஃபின்னைத் தேய்த்துத் தேய்த்து மெலிய வைத்துவிடுவார்கள். இரண்டு ஃபின்னுக்கு நடுவில் ஆழத்தில் குரோம் ஒழுங்காக ஏறவும் ஏறாது. மெல்லிசாக ஒரு கோட் சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட் போதும். இன்ஜினுக்கு உள்ளே பார்த்தால் பல வண்டிகளில் பிஸ்டனின் மேல் ரிங் தேயாமல் இருக்கக் கனத்த குரோம் போட்டுத்தான் வருகிறது, பிஸ்டனின் சூட்டில் பெரும் பகுதி அந்த ரிங்குகள் வழியாகத்தான் சிலிண்டர் சுவருக்குப் போகிறது. குரோம் சூட்டை அடைத்துவிடும் என்றால் அது முதலில் அங்கேதான் தெரிந்திருக்கும்.

உங்கள் கட்டுரை பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டது என்பதுதான் எனக்கு வருத்தம். சூட்டை விட எனக்குக் கவலை போல்ட். முலாமுக்கு முன் அமிலத்தில் முக்கும்போதும், தொட்டியில் கரண்ட் ஓடும்போதும் ஹைட்ரஜன் உண்டாகும், கெட்டிப்படுத்திய ஸ்டீல் அதை உறிஞ்சிக்கொண்டு நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும். முலாம் போட்ட கையோடு, சில மணி நேரத்துக்குள், 200 டிகிரி அளவில் பல மணி நேரம் சூட்டடுப்பில் வைத்தால்தான் அது வெளியேறும். அழகுக்கு முலாம் போடும் சின்னக் கடைகளில் இதைச் செய்து நான் பார்த்ததில்லை. ஒருவர் ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டுக்கு, தலையில் 12.9 என்று பொறித்த, அதாவது கெட்டிப்படுத்திய ஸ்டீலில் செய்த மிக வலுவான ரக ஆலன் போல்ட்டுகளைக் குரோம் போட்டுக் கொண்டுவந்தார். சாயங்காலம் சரியான டார்க்கில் (முறுக்கு விசை அளவில்) முறுக்கி மாட்டினோம், வண்டியை ஸ்டார்ட்கூடப் பண்ணவில்லை. காலையில் கடையைத் திறந்தால் ஒரு போல்ட்டின் தலை தனியாகக் கீழே கிடந்தது, உடைந்த முகம் கற்கண்டை உடைத்த மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. அதே மாதிரி போல்ட் ஸ்டீயரிங்கிலோ சஸ்பென்ஷனிலோ இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

அடுத்த ஞாயிறு இடம் இருந்தால் அந்த ஒரு வரியைத் திருத்திப் போடுங்கள். டேப்பட் கவரில் குரோம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், போல்ட்டுக்கும் ஸ்ப்ரிங்குக்கும் மட்டும் போடாதீர்கள் என்று எழுதினால் போதும்.

இப்படிக்கு,
பட்டறைக்கார வாசகர் ஒருவர்,
பீளமேடு, கோவை.